நோர்ஷோப்பிங்கில் ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

ஸ்டாக்ஹோமுக்கு ஆறு நாள் பயணமாக வருகிறீர்கள். அதில் ஒரு நாளை நோர்ஷோப்பிங்குக்கு ஒதுக்கலாமா, பழைய ஆலைக் கட்டடங்களைத் தவிர அங்கே பார்க்க ஏதேனும் உண்டா, எழுபதை நெருங்கும் பெற்றோரும் பத்து வயது மகளும் உடன் வருவதால் எந்த மாதம் தோதுப்படும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஊரில் இரண்டு ஆண்டுகள் படித்தேன். இப்போது நாற்பது கிலோமீட்டர் தள்ளி லின்ஷோப்பிங்கில் வேலை. வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் நோர்ஷோப்பிங்குக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும். ஆகவே பதில் கொஞ்சம் நீளும்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: ஒதுக்கலாம். இரண்டாவது கேள்வியைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘பழைய ஆலைகளைத் தவிர’ என்று தொடங்கினால் அந்த ஊரில் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று பொருள். அங்கே ஆலைகளே காட்சி. ஆனால் அவற்றை வெறும் செங்கல் கட்டடங்களாகப் பார்த்தால் இருபது நிமிடத்தில் சலித்துவிடும். ஆறு எப்படிப் போகிறது, அதைச் சுற்றி யார் எதற்காக இவ்வளவு கட்டினார்கள், எல்லாம் நின்றுபோன பிறகு ஏன் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தால் ஒரு நாள் போதாது.

பெயரைக் கேட்டுத் தமிழர்கள் எல்லாரும் ஒரு முறை சிரிப்பார்கள். ‘ஷாப்பிங்’ என்றே காதில் விழும். பொருள் அதிலிருந்து அதிகம் விலகவில்லை. ‘ஷோப்பிங்’ என்றால் சந்தையூர். ‘நோர்’ என்றால் வடக்கு. தெற்கே சில கிலோமீட்டரில் தென்சந்தையூரான சோடர்ஷோப்பிங்கும் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊரைச் செல்லமாகப் ‘பீக்கிங்’ என்பார்கள். சீனத் தலைநகரின் பழைய பெயரேதான். உச்சரிப்பு ஒலியில் பிறந்த கேலி, இன்று கால்பந்து அணியின் பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது.

1384இல் நகர உரிமை பெற்ற ஊர் இது. மொத்தாலா ஸ்ட்ரோம் என்ற ஆறு, வெட்டெர்ன் என்ற பெரும் ஏரியில் தொடங்கி, வழியில் பல ஏரிகளைக் கடந்து, இந்த ஊருக்குள் வந்ததும் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே மளமளவெனச் சரிந்து, பிரோவிக்கன் என்ற கடல் நுழைகழியில் கலக்கிறது. அந்தச் சரிவுதான் எல்லாவற்றுக்கும் மூலம். நீர் விழும் இடத்தில் சக்கரம் வைக்கலாம். சக்கரம் சுழன்றால் சம்மட்டி அடிக்கும், காகிதக்கூழ் அரையும், தறி ஓடும். கீழே கடல் இருப்பதால் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடலாம்.

ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். மெதுவாகச் செல்லும் வட்டார ரயில் இன்னும் சற்று அதிகம் எடுக்கும், ஆனால் டிக்கெட் மலிவு. விரைவு ரயிலுக்கும் முன்கூட்டி வாங்கினால் பெரிய வித்தியாசம் இருக்காது. காலை எட்டரை, ஒன்பது வாக்கில் கிளம்பினால் போதும். அதற்கு முன் போய் இறங்கிப் பயனில்லை. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் காலை 11 மணிக்குத்தான் திறக்கும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே கார்ல் யூஹான் பூங்கா. கோடையில் வந்தால் இங்கேயே அரை மணி நேரம் போய்விடும். காரணம், கள்ளி. ஆம், சப்பாத்திக் கள்ளியின் ஒன்றுவிட்ட உறவுகள். 1926 முதல் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 25,000 கள்ளிச் செடிகளை நெருக்கி நட்டு, தரையில் பெரிய கோலம் போன்ற ஒரு வடிவம் அமைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு வடிவம். பெரும்பாலும் அந்த ஆண்டில் நிறைவு விழா காணும் ஏதேனும் ஒரு நிறுவனமோ சங்கமோ அதில் இடம்பெறும். குளிர் தொடங்கியதும் செடிகளைப் பெயர்த்துக் கண்ணாடிக் குடிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். நான் படித்த காலத்தில் ஒரு முறை நடவு வேலையைப் பார்த்திருக்கிறேன். தடித்த கையுறை அணிந்த ஒரு பெண் பாத்தியின் குறுக்கே போட்ட பலகையில் மண்டியிட்டு, தட்டிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நூல் பிடித்த கோட்டின் மேல் ஊன்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்த பத்து நிமிடத்தில் வேலை ஒரு முழம் நகர்ந்திருக்கும். ஆண்டில் பாதி குளிரில் விறைக்கும் நாட்டில் பாலைவனச் செடியை வைத்து இப்படி ஒரு பிடிவாதமா என்று அன்று வியந்தது இன்றும் மாறவில்லை. நடுவே நிற்கும் சிலை பதினான்காம் கார்ல் யூஹான் மன்னர். பிரெஞ்சுப் படைத்தளபதியாக இருந்து ஸ்வீடனின் அரசரானவர், இன்றைய அரச குடும்பத்தின் முதல்வர். சிலையைவிடக் கள்ளிக்குத்தான் கூட்டம்.

பூங்காவைத் தாண்டினால் ஆற்றுப் பாலம், அதற்கு அப்பால் டிஸ்கா தோரியெட் என்ற சதுக்கம். ‘ஜெர்மானியச் சதுக்கம்’ என்று பொருள். அங்கே இருக்கும் ஹெட்விக் தேவாலயம், 17ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஜெர்மன் மொழிக்காரர்களுக்காக எழுந்தது. அருகில் உயரமான கோபுரத்துடன் நிற்பது 1910இல் முடிந்த நகர மன்றம். கட்டடக் கலைஞர் ஈசாக் குஸ்தாவ் கிளாசன். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம். இந்தச் சதுக்கத்தில் நான் நிற்கச் சொல்வது டிராமுக்காக. மஞ்சள் நிற டிராம் வண்டிகள் 1904 முதல் இந்த ஊரில் ஓடுகின்றன. 1967 செப்டம்பர் 3ஆம் தேதி ஸ்வீடன் முழுவதும் ஒரே இரவில் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. பல ஊர்கள் அதையொட்டி டிராமுக்கு விடைகொடுத்துவிட்டு பஸ் வாங்கிக்கொண்டன. நகர டிராம்களை விடாமல் வைத்துக்கொண்டவை கோத்தன்பர்க்கும் நோர்ஷோப்பிங்கும்தான். இன்று இங்கே 2, 3 என்ற எண்களில் இரண்டு தடங்கள் ஓடுகின்றன. ஒன்றாம் எண் எங்கே என்று உங்கள் மகள் கட்டாயம் கேட்பாள். அது காணாமல் போய்ப் பல காலம் ஆகிறது என்று சொல்லிவிடுங்கள். அப்பா அம்மாவுக்குக் கால் வலித்தால் இந்த வண்டிகளே துணை. ஒரு எச்சரிக்கை: ரொக்கம் வாங்குவது இந்த நாட்டில் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. வண்டியானாலும் காப்பிக் கடையானாலும் அட்டை இல்லாமல் காரியம் நடக்காது.

இங்கிருந்து ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில், அதாவது மேற்கு நோக்கி நடங்கள். சுற்றுலாக் குழுக்கள் பலவும் மேலிருந்து கீழே வருவார்கள். எனக்குக் கீழிருந்து மேலே போவதுதான் பிடிக்கும். முதலில் அமைதியான, அகன்ற ஆறு, போகப் போக இரைச்சல் கூடும், கடைசியில் அருவி.

வழியில் பழைய சந்தைச் சதுக்கமான கம்லா தோரியெட்டில் லூயி டி கேர் என்பவரின் சிலை இருக்கிறது. செதுக்கியவர் ஸ்வீடனின் பெயர்பெற்ற சிற்பி கார்ல் மில்லெஸ். டி கேர் இல்லாமல் இந்த ஊரின் கதை இல்லை. 1587இல் இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்தவர். பணமும் தொழில்நுட்பமும் கைத்தேர்ந்த தொழிலாளிகளும் கொண்டு வந்து, இந்த ஆற்றங்கரையில் துப்பாக்கி, பித்தளை, காகிதம், துணி என்று வரிசையாகப் பட்டறைகளை வளர்த்தார். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படைகள் ஏந்தியிருந்த ஆயுதங்களில் பெரும்பங்கு அவருடைய வியாபாரம். ‘ஸ்வீடன் தொழில்துறையின் தந்தை’ என்று பாடநூல்கள் புகழும். 1649இல் ஸ்வீடிஷ் ஆப்பிரிக்கக் கம்பெனியைத் தொடங்கியவரும் இவரே, அந்தக் கம்பெனி அடிமை வியாபாரத்தில் இறங்கியது என்ற பகுதி மட்டும் நெடுங்காலம் சிறிய எழுத்தில் இருந்தது. சமீப ஆண்டுகளில் ஊரார் அதையும் உரக்கப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். சிலைக்கு முன் நின்று மகளுக்குக் கதை சொன்னால் இரண்டு பாதியையும் சொல்லுங்கள்.

அவர் கட்டியவற்றில் பெரும்பகுதியை இன்று பார்க்க முடியாது. 1719இல் ரஷ்யப் படை கடல் வழியாக வந்து ஊரையே கொளுத்திவிட்டது. பிறகு மீண்டும் எழுந்த ஊரை 1822இலும் 1826இலும் பெருந்தீக்கள் தின்றன. ஆகவே ‘வரலாற்று நகரம்’ என்றதும் இடைக்காலத்து மரவீடுகளையும் குறுகிய சந்துகளையும் எதிர்பார்த்து வராதீர்கள். சதுக்கத்துக்கு அருகே மஞ்சள் பூச்சுடன் நிற்கும் ஹோல்மென் கோபுரம் 1750இல் கட்டியது. ஆலை வளாகத்துக்கு அதுவே நுழைவாயிலாக இருந்தது. அதைக் கடந்து உள்ளே போனதும் தெருவின் முகம் மாறுகிறது: இருபுறமும் நான்கைந்து மாடிச் சுவர்கள், வரிசை வரிசையாகச் சிறு கண்ணாடிச் சதுரங்கள் கொண்ட சன்னல்கள், இடையிடையே புகைபோக்கிகள், எங்கிருந்தோ நீரின் ஓசை. இதற்குத்தான் ‘இண்டுஸ்ட்ரிலாண்ட்ஸ்கப்பெட்’ என்று பெயர். ‘தொழில் நிலப்பரப்பு’ என்று சொல்லலாம். வாயில் நுழையவில்லை என்றால் கவலை வேண்டாம், கேட்டால் எல்லாரும் கையைக் காட்டுவார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இதை ஸ்வீடனின் மான்செஸ்டர் என்றார்கள். முதலில் கம்பளி, பிறகு பருத்தி. தறிக்கூடங்களில் வேலை பார்த்தவர்களில் பெரும் பங்கு பெண்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. 1950களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கு ஊதுவதை நிறுத்தின. 1970இல் கடைசிப் பெரிய கம்பளி ஆலையும் மூடியது. காகிதம் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. கடல் ஓரத்தில் புதிய காகித ஆலை எழுந்த பின் 1986இல் நகரின் நடுவில் இருந்த பழைய ஆலையும் ஓய்ந்தது. ஆற்றின் இரு கரையிலும் காலிக் கட்டடங்கள். சிலவற்றை இடிக்கவும் செய்தார்கள். வேலையிழந்த ஊருக்கு அரசு 1970களில் சில மத்திய அலுவலகங்களை ஸ்டாக்ஹோமிலிருந்து மாற்றிக் கொடுத்தது. நாட்டின் வானிலை நிலையம் அப்படி 1975இல் வந்ததுதான். முழு ஸ்வீடனுக்கும் மழை எப்போது என்று சொல்கிறவர்கள் இருக்கும் ஊரில் நான் குடை இல்லாமல் நனைந்த நாள்கள் கணக்கில் இல்லை.

மிச்சமிருந்த ஆலைகளை என்ன செய்தார்கள் என்பதைத்தான் இனி நடக்க நடக்கப் பார்க்கப்போகிறீர்கள். காகித ஆலைக் கூடம் 1994இல் இசை அரங்கமானது. பெயர் லூயி டி கேர் அரங்கம். 1912இல் தொடங்கிய நகரின் சிம்பொனி இசைக்குழுவுக்கு அதுவே வீடு. நெசவுக் கூடங்களில் 1997 முதல் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தின் வளாகம் இயங்குகிறது. எனக்குப் புள்ளியியல் வகுப்பு நடந்த அறையின் கூரையில் தூண்களுக்கு இடையே இரும்பு வளையங்கள் இருந்தன. இயந்திரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் நீண்ட தண்டு அவற்றில் தொங்கியிருக்கும் என்று ஆசிரியர் ஒரு நாள் போகிறபோக்கில் சொன்னார். அன்றைக்கு எழுதிய சூத்திரம் ஒன்றும் நினைவில் இல்லை, வளையங்கள் மட்டும் நினைவிருக்கின்றன.

இந்த வளாகத்தின் நடுவே, ஆற்றின் நட்டநடுவில் லாக்ஸ்ஹோல்மென் என்ற குட்டித் தீவு. அதன் மேல் ஒரு மஞ்சள் கட்டடம், தண்ணீரிலிருந்தே எழுந்தது போல. தீவின் கரை எப்படி வளைகிறதோ அப்படியே சுவரையும் வளைத்துக் கட்டியதால் ஏழு மூலைகள். தளங்களும் ஏழு. 1917இல் ஹோல்மென் நிறுவனத்தின் நெசவாலையாகக் கட்டியது. வடிவமைத்தவர் ஃபோல்கெ பென்சோவ். ஒரு முனை கூராக இருப்பதால் ‘ஸ்ட்ரீக்யாணெட்’, அதாவது இஸ்திரிப்பெட்டி, என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. ஐரோப்பாவின் மிக அழகான தொழிற்சாலை இதுவே என்று முன்னே சொன்ன சிற்பி மில்லெஸ் பாராட்டியதாக ஊர்க்காரர்கள் சொல்லாத நாள் இல்லை. அந்தப் பாராட்டு கொஞ்சம் அதிகம் என்று நினைத்தேன், ஒரு பனிக்கால மாலையில் எல்லாச் சன்னல்களிலும் விளக்கு எரிய, அந்த வெளிச்சம் அப்படியே கீழே ஓடும் கறுப்பு நீரில் விழுந்ததைப் பார்க்கும் வரை.

உள்ளே இருப்பது உழைப்பின் அருங்காட்சியகம், 1991 முதல். நுழைவு இலவசம். லிஃப்ட் உண்டு என்பதால் பெற்றோருக்குத் தொல்லை இல்லை. ‘உழைப்புக்கு ஓர் அருங்காட்சியகம்’ என்றதும் துருப்பிடித்த இயந்திரங்களை வரிசையாக வைத்து அருகில் பலகை மாட்டியிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும் கண்காட்சிகள்: ஒரு முறை புகைப்படம், ஒரு முறை வேலைச் சந்தையில் இளைஞர்கள், ஒரு முறை வேறேதாவது. எது நடக்கிறது என்பது உங்கள் அதிர்ஷ்டம். எப்போதும் இருக்கும் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். ஆல்வா கார்ல்சன் என்ற பெண்ணின் கதை. இதே கட்டடத்தில் நூல் சுற்றும் பிரிவில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவர். தலைவி அல்ல, போராளி அல்ல, கண்டுபிடிப்பாளர் அல்ல; கண்டிலிருந்து கண்டுக்கு நூலை மாற்றிச் சுற்றியவர், அறுந்தால் முடிச்சுப் போட்டவர். அவ்வளவுதான் அவருடைய தொழில். ஓர் ஆலையின் கதையை முதலாளியின் படத்தோடு தொடங்காமல் அந்த முடிச்சிலிருந்து தொடங்கிய புத்திக்காகவே இந்த இடத்துக்கு மறுபடி மறுபடி போகிறேன். பிறகு சன்னல் ஓரம் போய்க் கீழே பாருங்கள். இருபுறமும் தண்ணீர் பிரிந்து ஓடும். தறிகள் ஓடிய காலத்தில் இந்த இரைச்சலே காதில் விழுந்திருக்காது.

இதே கட்டடத்தில் ஸ்வீடனின் புகழ்பெற்ற அரசியல் கேலிச்சித்திரக்காரர் ஏவெர்ட் கார்ல்சனுக்கு ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. கையொப்பம் மூன்றெழுத்தில் இருப்பதால் எல்லாரும் இ.டபிள்யூ.கே. என்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் பல படங்கள் புரியும். அப்பாவுக்குச் செய்தித்தாள் வாசிக்கும் பழக்கம் இருந்தால் அவரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் அரை மணி நேரம் சுற்றிவரலாம். மதிய உணவையும் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. மேலே உணவகம் இருக்கிறது, அங்கிருந்து தெரியும் காட்சிக்கே காசு கொடுக்கலாம். மரக்கறி உணவு கிடைக்கும். காரத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று பையில் இருந்தால் அம்மா உங்களை வாழ்த்துவார். ஸ்வீடனில் மதியச் சாப்பாடு சீக்கிரமே தொடங்கிச் சீக்கிரமே முடிந்துவிடும். இரண்டு மணிக்கு மேல் போனால் ரொட்டியும் காப்பியும்தான்.

பக்கத்திலேயே, பழைய ஆலைக் கட்டடங்களின் கொத்து ஒன்றில், நகர அருங்காட்சியகம். நெசவு இயந்திரங்களை நேரில் பார்க்க ஆசை இருந்தால் இங்கே போக வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம் என்று தயக்கத்தோடு சொல்கிறேன். எதற்கும் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை என்பதை மறந்து நண்பர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. அன்றைய பழி முழுவதும் என் மேல்தான்.

இன்னும் மேலே நடந்தால் பெரிஸ்ப்ரோன் பாலம். நகரின் நடுவே அருவி கொட்டுவதை இங்கிருந்து பார்க்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அருவியின் வேகம் நீங்கள் போகும் நாளைப் பொறுத்தது. நீர்மின் நிலையத்துக்கும் தண்ணீர் போவதால், வறண்ட கோடையில் பாறை தெரியும் அளவுக்கு இளைத்தும் இருக்கும். பனி உருகும் வசந்தத்திலும் மழைக்குப் பிறகும் பார்த்தால் கதை வேறு. நடைபாலத்தின் இரும்புக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு மணிக்கட்டு வரை ஏறும். பேசினால் கேட்காது. கண்ணாடி போட்டவர்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை துடைக்க வேண்டியிருக்கும். சுற்றியிருக்கும் சுவர்களின் அடியில் வளைவு வளைவாகத் திறப்புகள் தெரிகின்றன அல்லவா, அவை நீர் உள்ளே போகவும் வெளியேறவும் விட்ட வழிகள். ஒவ்வோர் ஆலையும் இந்த ஆற்றிடமிருந்து தன் பங்கை வாங்கிக்கொண்டு மிச்சத்தை அடுத்த ஆலைக்கு விட்டிருக்கிறது. நான் கீழிருந்து மேலே வரச் சொன்னது இதற்காகத்தான். வரும் வழியெல்லாம் பார்த்த கட்டடங்கள் எதனால் ஓடின என்பது இங்கே நின்றால் ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

இதுவரை மகள் பொறுமையாக வந்திருந்தால் அவளுக்கு ஒரு பரிசு கடன் பட்டிருக்கிறீர்கள். பாலத்துக்கு அருகிலேயே காட்சிப்படுத்தல் மையம் இருக்கிறது, பழைய ஆலைக் கட்டடத்தில் 2010இல் திறந்தது. இங்கே டிக்கெட் உண்டு. கவிந்த கூரை முழுவதும் திரையாக அமைந்த அரங்கில் நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே மிதப்பது போல இருக்கும். கோள்களும் விண்மீன்களும் உண்மையான வானியல் தரவுகளை வைத்து வரைந்தவை. அதைவிட எனக்குப் பிடித்தது கீழே உள்ள காட்சிக்கூடம். மருத்துவமனை ஸ்கேன் எடுத்த உடலைப் பெரிய மேசைத் திரையில் வைத்து, விரலால் தோலை விலக்கி, தசையை விலக்கி, எலும்பு வரை போய்ப் பார்க்கும் தொழில்நுட்பம் இந்த ஊர் ஆய்வாளர்கள் வளர்த்தது. 2012இல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 5,000 ஆண்டுக்கும் மேல் பழைய எகிப்திய உடல் ஒன்றை இப்படித் திரையில் வைத்தது. அந்த மனிதர் முதுகில் குத்துப்பட்டு இறந்தவர் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. தோள்பட்டை எலும்பில் காயம் இருந்தது. நூறாண்டுக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தவரின் கொலை, பழைய ஆலைக்குள் பிறந்த மேசையால் துப்புத் துலங்கியது. பத்து வயதுக்கு இந்தக் கதையைவிட வேறென்ன வேண்டும்? பயந்த சுபாவம் என்றால் வானியல் அரங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இத்தனையும் முடிய மாலை நான்கு மணி ஆகும். திரும்பும் வழியில் க்னெப்பிங்ஸ்போரி என்ற பழைய கட்டடத் தொகுதிக்குள் புகுந்து வரலாம். பழுது பார்த்துக் கடைகளும் உணவகங்களும் ஆக்கியிருக்கிறார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அளவுக்கு மீறித் துடைத்து வைத்தது போலவும் இருக்கிறது. காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் நன்றாக இருக்கும். ஏலக்காய் நம் பக்கத்துச் சரக்காயிற்றே, அதை இவர்கள் ரொட்டியில் இவ்வளவு தாராளமாகப் போடுவதைக் கண்டு அம்மா ஆச்சரியப்படுவார்.

யூதத் தொழுகைக்கூடம் ஒன்றும் ஊருக்குள் இருக்கிறது, 1858இல் கட்டியது. வெளியே நின்று பார்த்தால் போதும். 1782 சட்டப்படி யூதர்கள் ஸ்வீடனில் வசிக்க அனுமதி பெற்ற மிகச் சில நகரங்களில் இது ஒன்று. இங்கு வந்தவர்களில் சிலர் துணித்தொழிலிலும் இறங்கினார்கள். ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் ட்ரோட்னிங்கத்தன் தெருவின் தெற்குக் கோடியில் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு ஸ்வீடிஷ் ஓவியங்கள் அதன் பலம். அந்தத் தெரு ரயில் நிலையத்திலிருந்தே நேராக வருவதால் வழி தவறாது, டிராமும் போகும்.

இரண்டாவது நாளும் ஒதுக்க முடிந்தால், அல்லது ஆலைகளைப் பாதியில் முடித்துக்கொண்டால், நான் முதலில் அனுப்புவது ஹிம்மெல்ஸ்டலுண்ட் பூங்காவுக்கு. மேற்கே ஆற்றோரமாகவே இரண்டு கிலோமீட்டர் அளவில். வெட்டவெளியில் பாறைகள், அவற்றில் வெண்கலக் காலத்து மக்கள் செதுக்கிய 1,600க்கும் மேற்பட்ட உருவங்கள்: ஓடங்கள், வாள்கள், காட்டுப்பன்றிகள், கரடிகள், மனிதர்கள். ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுப் பழமை. கண்ணுக்குத் தெரிவதற்காகச் சிலவற்றுக்குச் செந்நிறம் தீட்டியிருக்கிறார்கள். வேலி இல்லை, டிக்கெட் இல்லை, காவலர் இல்லை. காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது போனால் வண்ணம் தீட்டாத கோடுகளும் நிழல் பிடித்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் வெறும் பாறைதான்.

லோவ்ஸ்டாட் மாளிகை நகருக்குத் தென்மேற்கே பத்து கிலோமீட்டர். பிரெஞ்சு அரசி மரீ அன்டுவானெட்டின் நெருங்கிய நண்பர் என்று பேர்பெற்ற ஆக்செல் ஃபோன் ஃபெர்சென் 1810இல் ஸ்டாக்ஹோம் தெருவில் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கை சோஃபி பைப்பர் அதற்குப் பின் வாழ்ந்த வீடு இது. அந்த வம்சத்தின் கடைசிச் சீமாட்டி 1926இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற நிலையிலேயே அறைகளை வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், அதுவும் கோடையில்தான் தவறாமல் நடக்கும்.

கோல்மார்டன் விலங்குக் காட்சிச்சாலையைப் பற்றி யாராவது நிச்சயம் சொல்வார்கள். 1965இல் திறந்தது, ஸ்காண்டிநேவியாவிலேயே பெரியது, நகரிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். மகளுக்கு அது சொர்க்கமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு முழு நாளை விழுங்கிவிடும், நுழைவுக் கட்டணமும் கனம். ஒரே நாளில் அதையும் நகரத்தையும் சேர்க்க முயன்ற இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டிலும் மாலையில் யாரும் யாருடனும் பேசவில்லை. அதற்குப் பதில் அரை நாள் சோடர்ஷோப்பிங் போங்கள். பஸ் அடிக்கடி உண்டு. மேலே சொன்னேனே, மரவீடு, குறுகிய சந்து என்று, அது அங்கே கிடைக்கும். 1832இல் முடிந்த யோத்தா கால்வாய் ஊரின் ஓரமாகப் போகிறது. மதகுக் கதவுகளைத் திறந்து மூடிப் படகுகளை ஏற்றி இறக்குவதை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம், பெற்றோருக்கு உட்கார இடமும் இருக்கும்.

இனி மாதம். ஜூன் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசி வரை என்றால் எல்லாம் திறந்திருக்கும், கள்ளிக்கோலமும் உண்டு, ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும். ஜூனில் நடுக்கோடைத் திருநாளை ஒட்டிய வெள்ளி, சனிக்கிழமைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நாடே கதவைச் சாத்திக்கொண்டு கிராமத்துக்குப் போய்விடும். ஏப்ரல், மே மாதங்களில் அருவி நன்றாக இருக்கும், ஆனால் கள்ளி இருக்காது, காற்று குளிரும். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும். ஆலைச் சுவர்களிலும் நீரிலும் விளக்கொளி விளையாடுவதைப் பார்க்க அதுவே சரியான காலம் என்பேன், தனியாக வந்தால். வயதானவர்களோடு வேண்டாம். ஆற்றோரப் பாதைகளில் பதித்திருக்கும் உருண்டைக் கற்கள் மேல் பனி உறைந்தால் இளவட்டங்களே வழுக்கி விழுகிறார்கள். கோடையானாலும் அந்தக் கற்களுக்காக அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், அடிப்பாகம் தடித்த ஷூ வாங்கிக் கொடுத்து, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழக்கிவிடுங்கள்.